தேய்ந்த டீசல் எஞ்சினைப் புதுப்பித்த கதை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசுவோர் அமர்ந்திருக்கும் மேடையில் எஞ்சினைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் அளவே படித்து, கரக்பூர் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளும் நமக்கு இதுவே பாதுகாப்பான பொருள் என்று எண்ணினார்கள் போலும்!

நம் காலனியின் டீசல் அம்பாசிடரை அறியாதார் இங்கில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் சங்கத்துக்கு விட்டுச் சென்ற வண்டி அது. அது பிறந்த உத்தர்பாரா தொழிற்சாலை 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு முதல் மருத்துவமனைப் பயணம் வரை நமக்கு அதுவே துணை. சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு விடியற்காலை, மூச்சுத் திணறிய மூதாட்டி ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்திச் சாவியைத் திருப்பினோம். எஞ்சின் சுழன்றது, வெண்புகை கக்கியது, கிளம்பவில்லை. அறுவர் தள்ளியும் பயனில்லை. அண்டை வீட்டு வங்காளி அன்பர் தம் வேனைக் கொணர்ந்தார். அம்மையார் பிழைத்தார்.

அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு, மறைப்பதற்கில்லை. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் புகை மிகுந்தபோது, பொருளாளர் என்ற முறையில் சிக்கனம் கருதி, ஒரு பட்டறையில் பிஸ்டன் ரிங்குகளை மட்டும் மாற்றச் செய்தவர் நாமே. மூன்றே மாதத்தில் புகை திரும்பியது. கண்டும் காணாதிருந்தோம்.

வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் சிலர். டீசல் ஷெட்டில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர் மட்டும் நம்மை நோக்கி, "தம்பி, மோதிரம் வாங்குமுன் விரலை அளந்தீர்களா?" என்று கேட்டார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளிழுத்த காற்றை இருபது மடங்குக்கு மேல் பிஸ்டன் நெருக்க, அந்நெருக்கத்தால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. காற்று ரிங்குகளின் ஓரமாகக் கசிந்தால் வெப்பம் ஏது? குளிர்காலத்தில் சொல்லவே வேண்டாம்.

பெரியவர், ஓர் இளைஞர், நாம் ஆக மூவரும் எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்தால் ஒரு படி தட்டுப்பட்டது. வெடிப்பின் அழுத்தம் மிக்க இடம் அது. எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும். தேய்வும் அங்கேதான் அதிகம். போதாக்குறைக்குப் பிஸ்டன் பக்கவாட்டில் உந்துவதால் துளை வட்டம் நீங்கி முட்டை வடிவாகிறது. ஆயிரத்திலொரு அங்குலத்தை ஒன்றெனக் கொண்டால், மேலே பன்னிரண்டு, அடியில் இரண்டு என்று காட்டியது அளவுகருவி. முட்டை வடிவத் துளையில் வட்டமான புது ரிங் எங்ஙனம் பொருந்தும்?

அவ்வெஞ்சினின் சிலிண்டர் 2.875 அங்குல விட்டமுடையது. இருபது பெரிதாக்கினால் தேய்வு முற்றும் நீங்காது, முப்பது ஆகட்டும் என்றார் பெரியவர். ரயிலேறிக் கொல்கத்தா மல்லிக் பஜாரில் ஒரு நாள் முழுதும் அலைந்து பிஸ்டன்களை வாங்கினோம். முதலில் பிஸ்டன், பிறகே போர் என்பது அவர் கட்டளை. கையிலுள்ள பிஸ்டனை அளந்தே லேத்துப் பட்டறையில் துளையைக் கடையவேண்டுமாம். கிராங்கையும் பத்துக் குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற மெட்டல் இட்டோம். பம்பையும் நாசில்களையும் அதற்கெனவே உள்ள கடையில் சோதிக்கக் கொடுத்தோம். அதில் நாம் கைவைக்கவில்லை.

கடைந்து வந்த பிளாக்கைச் சலவைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவியதை மறக்க முடியாது. மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சாணைப்பொடியை நீக்காதாம். நம் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்துத் துடைத்துக் காட்டினோம். துணியில் சாம்பல் நிறம் படும்வரை, "இன்னொரு தரம், தம்பி" என்பார். ஏழு தரம் ஆயிற்று. வீட்டில் வேட்டிக் கணக்குக் கேட்டார்கள். அது வேறு கதை! கழுவி முடித்த கையோடு துரு ஏறாதிருக்க எண்ணெய் தடவினோம். பின்னர் ஒவ்வொரு ரிங்கையும் துளையில் இட்டு வாய் இடைவெளியை அளந்தோம். இடைவெளி போதாதேல் சூட்டில் விரிந்து முட்டி முறியும்.

செலவு 46,000 ரூபாய். கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்பட்டது. புது எஞ்சினை நின்றபடியே ஓடவிடுவது நல்லதென்று எண்ணியிருந்தோம், அதுவும் தவறாம். மிதமான பாரத்தோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால்தான் ரிங் படியுமாம். அவ்வாறே ஓட்டி, 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினோம்.

இந்த ஜனவரியில், அதே பனியில், அதே அம்மையாரை மருத்துவச் சோதனைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. சாவியைத் திருப்புகையில் நம் கை நடுங்கியது உண்மை. இரண்டாம் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னிருக்கையிலிருந்து அம்மையார், "எல்லாம் சரி, இந்தச் சத்தத்தை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார்.