கல்லும் மண்டையோடும்



மனந்திரும்புதலைப் பிரசங்கத்தில் சொல்லிவிடலாம். ஒரு செப்புத் தகட்டில் வெறும் கோடுகளால் அதை எவ்வாறு காட்டுவது? ஜெர்மனியின் நூரெம்பேர்க் நகரத்து ஓவியர் அல்பிரெக்ட் டூரர் (1471 - 1528) இதற்கு இருவேறு விடைகள் தந்தார். இரண்டிலும் வருபவர் ஒருவரே: விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம்.

முதற் படம் 1496 அளவில் செதுக்கப்பட்டது. பாறைகள் சூழ்ந்த வனாந்தரம். சிறியதொரு பாடுபட்ட சுரூபத்தின் முன் ஜெரோம் முழந்தாளிட்டிருக்கிறார். கையிலே கல், அதனால் தம் மார்பில் அறைந்துகொள்கிறார். தவம் இங்கே உடலை ஒறுத்தலாகிறது. அக்காலத்துப் பக்தர்களுக்கு நன்கு பழகிய காட்சி இது.

மற்றப் படம் 1514இல் வெளிவந்தது. கல்லும் காடும் மறைந்துவிட்டன. சாளரத்தின் வட்டக் கண்ணாடிகளூடாக வெயில் விழும் ஓர் அறை. முதியவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். முன்னே சிங்கமும் நாயும் படுத்திருக்கின்றன. சுவரிலே மணற்கடிகாரம்; சாளரத் திண்டிலே மண்டையோடு. ஜெரோமின் தலையிலிருந்து மேசையிலுள்ள சிலுவையூடாக ஒரு கோடு இழுத்தால், அது அந்த மண்டையோட்டிற் போய் முடியும். மரணத்தைச் சிலுவையின் வழியே பார் என்கிறார் ஓவியர். ஜெரோமோ தலை நிமிரவில்லை. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், எழுத்து நடக்கிறது.

அந்த ஆண்டு மே மாதத்திலேதான் டூரரின் தாய் பார்பரா காலமானார். 18 பிள்ளைகளைப் பெற்றவர். எலும்பு துருத்திய அவருடைய முகத்தை மார்ச் மாதத்தில் மகன் கரியினால் வரைந்து வைத்திருந்தார். சாவு தம் வீட்டுக்கே வந்த அந்த ஆண்டில் அவர் செதுக்கிய மண்டையோடு எவரையும் மிரட்டவில்லை. மெத்தை, காலணி முதலிய வீட்டுச் சாமான்களோடு அதுவும் ஒன்றாக இருக்கிறது.

டூரர் பொற்கொல்லரின் மகன். தகட்டில் ஆழ வெட்டிய கோடு எளிதில் அழியாது என்பதைத் தந்தையின் பட்டறையிலேயே கற்றவர். அத்தகட்டில் மையிட்டு, ஈரத்தாளில் அழுத்திப் பிரதிகள் எடுத்தார்கள். 1520 - 21இல் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் பயணஞ் செய்தபோது, இந்த ஜெரோம் படத்தின் பிரதிகளை அவர் விற்றும் பரிசளித்தும் வந்தார். கோயிற் பீடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த புனிதர், இவ்வாறு கையில் எடுத்துப் பார்க்கும் தாளாக வீடுகளுக்குள் வந்தார்.

முதற் படத்திலே பாவத்துக்காக வருந்தும் ஒரு கணத்தைக் காண்கிறோம். மற்றதிலே அவ்வருத்தத்தின் பின்னர் நாளாந்தம் தொடரும் வாழ்வைக் காண்கிறோம். மார்பில் அறைவதைக் காட்டிலும், மண்டையோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைய வேலையை அமைதியாகச் செய்வதே அரிய தவமென்று எனக்குப் படுகிறது.