வலி இல்லாதபோதும் பித்தப்பையை எடுப்பது ஏன்?

(மருத்துவமனையைத் தாங்கிவரும் அன்பர்களின் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலையில் வார்டுக்குச் சென்று நோயாளிகளுக்காக ஜெபிப்பது என் ஊழியம். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அநேகர் என்னிடம் கேட்பார்கள். அவற்றில் ஒன்று இது: “ஐயா, எனக்கு ஒரு வலியும் இல்லை. பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்களே, ஏன்?” நம் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

பித்தப்பை, கல்லீரலுக்கு அடியில் உள்ள சிறிய பை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் சாப்பிடும்போது சுருங்கிக் குடலுக்கு அனுப்புகிறது. பையை எடுத்துவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும். ஆகவே பித்தப்பை இல்லாமலும் வாழலாம். 1882-ல் பெர்லின் நகரில் லாசரு மருத்துவமனையின் டாக்டர் லாங்கன்புக் முதன்முதலாக இதை எடுத்தார். நோயாளி பிழைத்து வீடு திரும்பினார்.

முதலாவது ஒரு காரியம். கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வலி தராத கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை தொந்தரவு தருவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். இன்று பொதுவாக அப்படிச் சொல்வதில்லை.

அப்படியானால் யாருக்குச் சொல்கிறார்கள்? கல் 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தாலும், பையின் உட்சுவரில் பாலிப் என்னும் சதை வளர்ச்சி 1 செ.மீ. அளவை எட்டினாலும், சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியானாலும், புற்றுநோய்க்கு இடமுண்டு என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாகிறார்கள். பித்தப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி காட்டாது. வலியோ காமாலையோ தெரியும்போது அநேகருக்குக் காலம் கடந்திருக்கும். கங்கைச் சமவெளி மாநிலங்களில் இந்நோய் அதிகம். நம் தென்னாட்டில் குறைவு, ஆனால் இல்லாமலில்லை.

நீலகிரி ஆதிவாசி மக்களிடையே காணப்படும் சிக்கிள் செல் இரத்தசோகை இன்னொரு காரணம். இரத்த அணுக்கள் சீக்கிரம் சிதைவதால் இளவயதிலேயே பித்தக்கல் உண்டாகிறது. பின்னால் வயிறு வலித்தால் அது கல்லினாலா, இரத்த நோயினாலா என்று பிரித்தறிவது கடினம். அதனால் சில மருத்துவர்கள் முன்னதாகவே எடுத்துவிட ஆலோசனை சொல்வதுண்டு.

வேறொரு கூட்டத்தாரும் உண்டு. கல் நழுவிக் கணையம் வீங்கி, மிகுந்த வேதனையோடு வருகிறவர்கள். சில நாளில் வலி தணிந்ததும், “சுகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன்” என்பார்கள். வலிதான் போயிற்று, கல் போகவில்லை. அடுத்த தாக்குதல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பாலிப் இருந்தது. “வலி இல்லாததே ஜெபத்திற்குப் பதில் அல்லவா ஐயா?” என்று கேட்டார். “வலி இல்லாததற்கு ஸ்தோத்திரம் சொல்லும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது” என்றேன். ஆபரேஷன் நடந்தது. பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. “வீணாக எடுத்துவிட்டோமோ?” என்றார். வீண் அல்ல, வெளியே எடுத்துப் பார்க்குமுன் நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் முடியாது.

இந்த ஆபரேஷனை இப்போது பெரும்பாலும் சிறு துவாரங்கள் வழியாகச் செய்கிறார்கள். அநேகர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆயினும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒரு சிலருக்குப் பித்தநாளம் காயப்படுவதுண்டு. எனவே கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் விஷயத்தில் காரணம் என்ன? எடுக்காவிட்டால் என்ன ஆகலாம்? காத்திருந்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதுமா? நல்ல டாக்டர் இவற்றுக்குக் கோபப்படமாட்டார்.

கடைசியாக ஒன்று. வலியுள்ள ஏழை எப்படியாவது கடன் வாங்கி வந்துவிடுகிறான். வலியில்லாதவனோ, அன்றாடக் கூலியை விட மனமின்றி, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று போய்விடுகிறான். அவனைத் தடுத்து நிறுத்துவது மருத்துவரின் சொல் மட்டுமல்ல; செலவுக்கு வழியுண்டு என்ற தைரியமும்தான். உங்கள் காணிக்கை அந்தத் தைரியத்தைக் கொடுக்கிறது. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.