போலீஸ் எப்போது சுடலாம்?



கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியபின், நம் தோட்டங்களில் பேச்சு பல திசைகளில் போகும். திரிங்காப்பிலானாலும் கம்போங் ராஜாவிலானாலும், எங்கோ ஓரிடத்தில் போலீஸ் சுட்டு ஒருவன் இறந்தான் என்ற செய்தி வந்துவிட்டால் அன்று அந்தப் பேச்சுதான். "திருடன்தானே, போகட்டும்" என்பார் ஒருவர். "போலீஸ் நினைத்தால் யாரையும் சுடலாம், நாம் என்ன கேட்க முடியும்?" என்பார் மற்றொருவர். இந்த இரண்டு பேச்சுமே சட்டத்துக்குப் பொருந்தாதவை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு கைது செய்வதைப் பற்றியது. பிடிக்கப் போகும்போது ஒருவன் எதிர்த்தாலோ தப்பி ஓடப் பார்த்தாலோ, அவனைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம் என்று அது சொல்கிறது. இதை மட்டும் படித்தால் எல்லையே இல்லாத அதிகாரம்போலத் தோன்றும். ஆனால் அதே பிரிவு அடுத்த மூச்சிலேயே ஒரு வேலி போடுகிறது. மரண தண்டனையோ அதற்கடுத்த மிகப் பெரிய சிறைத்தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவனை, பிடிக்கிறோம் என்ற பெயரில் கொல்ல இந்தப் பிரிவு உரிமை தரவில்லை. கோழி திருடியவனையோ, லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவனையோ, ஓடுகிறான் என்பதற்காகக் கொல்ல முடியாது. ஓடட்டும், நாளைக்குப் பிடித்துக் கொள்ளலாம் என்பதே சட்டத்தின் எண்ணம்.

இன்னொரு வழியிலும் சுடும் உரிமை வருகிறது. அது போலீசுக்கு மட்டும் உரியதல்ல, உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள தற்காப்பு உரிமைதான். குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்க வந்தவனைக் கொல்வதும் குற்றமாகாது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 99-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கியவனைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

சுடுவதே நியாயமான வேளைகளும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று விடியற்காலையில், ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் பாராங்கோடு புகுந்தான். ஒரு போலீஸ்காரரை வெட்டிக் கொன்றான்; அவருடைய துப்பாக்கியை எடுத்து இன்னொருவரைச் சுட்டுக் கொன்றான். காயம்பட்ட மூன்றாவது போலீஸ்காரர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அந்த மூன்றாமவரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? இறந்த இருவரும் இளைஞர்கள். போலீஸ் வேலையில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

அதற்கு முற்றிலும் மாறானது 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று ஷா ஆலமில் நடந்தது. பள்ளி மாணவன் ஒருவன், வண்டி ஓட்டும் வயதுகூட ஆகாதவன், நள்ளிரவு கடந்த நேரத்தில் அக்காளின் காரை எடுத்துக்கொண்டு கூட்டாளியோடு போனான். வழியில் வேறொரு காரில் உரசிவிட்டுப் பயந்து ஓட்டினான். போலீஸ் துரத்தியது. இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. ஒன்று அவன் தலையின் பின்புறம் பட்டு அங்கேயே இறந்தான். காரில் பாராங் இருந்தது, காரைப் பின்னால் செலுத்திப் போலீசை மோதப் பார்த்தான் என்றெல்லாம் முதலில் சொல்லப்பட்டது. உடனிருந்த கூட்டாளி உயிரோடு தப்பியதால்தான் வேறொரு கதையும் வெளியே வந்தது. அவனும் இறந்திருந்தால் நமக்கு ஒரே கதைதான் கிடைத்திருக்கும்.

நாடே கொதித்தது. இரண்டே வாரத்தில் சுட்ட கார்ப்பரல்மீது, கொலையாகக் கருதப்படாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு, 304-ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போடப்பட்டது. 2011 செப்டம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. காரை நிறுத்துவதற்காக டயரைத்தான் குறிவைத்தேன் என்பது அவர் தரப்பு வாதம். 2012 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாணவனின் தாயார் அதோடு விடவில்லை. சிவில் வழக்குத் தொடர்ந்தார். நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பும் பெற்றார். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் தராசு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு கதவு அடைபட்டால் மற்றொன்று திறந்தே இருக்கலாம் என்பதை அந்தத் தாயின் வழக்கு காட்டுகிறது.

தமிழ்ப் படங்களில் 'என்கவுன்ட்டர்' செய்யும் அதிகாரிக்குத் தியேட்டரில் விசில் பறக்கிறது. நம் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்படும் நாட்டிலேயே, 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. இப்படி ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், சுட்டவர்கள் சேராத வேறொரு பிரிவு புலன்விசாரணை நடத்த வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது என்று கட்டளையிட்டது. கடைசியாகச் சொன்னதை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பதக்கத்துக்கு ஆசைப்பட்டு ஓர் உயிரை எடுக்கும் ஆபத்து எங்கும் உண்டு. 1990-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வகுத்த நெறிமுறைகளும், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கோடு சுடலாம் என்கின்றன. சுடும்முன் தாம் யாரென்று சொல்லி எச்சரிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

தேயிலைத் தோட்டத்திலேயே நடந்த ஒரு பழைய வழக்கும் உண்டு. இலங்கையில் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா தோட்டம். கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரியில் போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அவரும் நம்மைப்போலக் கொழுந்துக் காட்டில் வாழ்ந்த தமிழர். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு துரையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடும். இது அப்படி முடியவில்லை. சமசமாஜக் கட்சியார் சட்டசபைக்கு உள்ளும் வெளியும் போராடியதால் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. கோவிந்தனின் மனைவிக்காக வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா நேரில் தோன்றி, போலீசாரைக் குறுக்குக் கேள்வி கேட்டார். அந்த வழக்குகளை ஒட்டிப் போலீஸ் தலைவர் அமைச்சருக்குக் கட்டுப்பட்டவரா என்ற சச்சரவு கிளம்பி, கவர்னரோடு முரண்பட்டு அமைச்சர்கள் அனைவரும் பிப்ரவரியில் பதவி விலகினார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் மரணம் மந்திரி சபை வரைக்கும் போய்த் தட்டியது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் கேட்பதற்கு இடங்கள் உள்ளன. மரணத்தின் காரணத்தை விசாரிக்கும் கொரோனர் நீதிமன்றங்கள் 2014 முதல் தனியாக இயங்குகின்றன. எப்படி இறந்தார் என்பதோடு, யாராவது செய்த சட்ட விரோதமான செயலால் இறந்தாரா என்பதையும் அந்த விசாரணை பார்க்க வேண்டும். லாக்கப்பில் இறந்தால் விசாரணை கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. தெருவிலோ தோட்டத்திலோ சுடப்பட்டு இறந்தால் பல வேளைகளில் குடும்பத்தார் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு சரியல்ல என்பது எங்கள் கருத்து. சுஹாகாம் என்னும் மனித உரிமை ஆணையத்திடமும் புகார் செய்யலாம். போலீசார்மீதான புகார்களுக்கென்றே 2023 ஜூலை 1 முதல் ஒரு சுயேச்சை ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் அது தானே வழக்குப் போட முடியாது. விசாரித்து உரிய இடத்துக்கு அனுப்பத்தான் முடியும். 2005-இல் அரச விசாரணைக் கமிஷன் கேட்டது இதைவிடப் பல் உள்ள ஓர் அமைப்பை.

இத்தகைய துயரம் வந்த வீட்டில் முதல் இரண்டு நாட்களில் செய்வதுதான் முக்கியம். அழுகையோடு அழுகையாக ஒரு பெரியவர் போலீஸ் ரிப்போர்ட் செய்து அதன் நகலை வாங்கி வைக்கட்டும். சவப்பரிசோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். ஐயம் இருந்தால், அடக்கமோ தகனமோ செய்வதற்கு முன்பே இரண்டாவது பரிசோதனை கேட்க வேண்டும். எரித்தபின் கேட்டுப் பயனில்லை. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். கண்டவர்கள் யார், எத்தனை வேட்டுச் சத்தம் கேட்டது, என்ன நேரம் என்பதை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. கொரோனர் விசாரணையில் குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞர் அமர்ந்து சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். 1940-இல் கோவிந்தனின் மனைவிக்காக முல்லோயா விசாரணையில் ஒரு வழக்கறிஞர் செய்ததும் இதே வேலைதான்.