உப்புப் பூக்கும் நெற்றி



பிள்ளையை முத்தமிடும்போது உதட்டில் உப்புக் கரிக்கிறதா? வியர்வை என்றால் உப்புத்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நெற்றியில் வெள்ளையாய் உப்புப் பூத்து, ஓயாத சளியும் இருமலும் இருந்து, எவ்வளவு ஊட்டியும் உடம்பு தேறாமல், மலம் எண்ணெய்ப் பிசுக்காய்ப் போகுமானால் சும்மா விடக்கூடாது. அது 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்னும் பரம்பரை நோயாக இருக்கலாம்.

இந்த உப்பின் சங்கதி வெயிலில்தான் வெளிப்பட்டது. 1948-ல் நியூயார்க் நகரில் கடும் வெப்பம். மயங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்நோய் இருந்தது. ஏன் என்று ஆராய்ந்த டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர், அவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953-ல் அறிவித்தார்கள். இன்றும் வியர்வைச் சோதனையே முக்கியமானது. கையில் மருந்து வைத்து, லேசான மின்சாரம் செலுத்தி, வியர்வையைச் சேகரிப்பார்கள். ஊசி கிடையாது.

உடம்பில் உப்பும் நீரும் சரியாகப் போய்வராததால் நுரையீரலில் சளி பசைபோல் இறுகுகிறது. கிருமி அதில் குடியேறி, ஆண்டுக்காண்டு நுரையீரலை அரிக்கிறது. நம்மவர்களிடையே இது அரிது. அதனாலேயே காசம், ஆஸ்துமா என்று வைத்தியம் நீண்டுபோவதுண்டு. வெள்ளைக்காரர் வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்நோய்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் நடக்கிறது.

யார் குற்றம்? மசக்கையில் தின்றதுமல்ல, கண்ணேறுமல்ல. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபுக்கூற்றைச் சுமக்கிறார்கள், அவர்களுக்கு நோயில்லை. ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்கு நோய் வரலாம். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலே கட்டினால், இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். மருமகளைப் பழிக்கும் மாமியார்மார் கொஞ்சம் கேளுங்கள்: பாதி உங்கள் மகன் வழி வந்தது!

அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. 2012 முதல் வந்த புதிய மாத்திரைகள் விலை மிக அதிகம், எல்லாருக்கும் பொருந்துவதுமில்லை. ஆனால் தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி, சாப்பாட்டோடு செரிமான மாத்திரை, கிருமிக்கு மருந்து என்று ஒழுங்காகக் கவனித்தால் ஆயுள் நீளும். பெரியவர்களுக்கு உப்பைக் குறை என்கிறோம். இப்பிள்ளைக்கு வெயிலில் டாக்டர் சொல்லும் அளவு உப்பைக் கூட்டவேண்டும். வீட்டுக்குள் சிகரெட், கொசுவர்த்திப் புகை ஆகாது.

செபராங் பிறையிலிருந்து ஜார்ஜ் டவுன் பெரியாஸ்பத்திரிக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும், தெரியும். வரும்போது பழைய சிகிச்சை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். காசமில்லை என்று சொல்லியும் இருமல் நிற்காவிட்டால், "டாக்டர், வியர்வைச் சோதனை தேவைப்படுமா?" என்று கூசாமல் கேளுங்கள்.