பிரச்சனை உன்கிட்ட இல்ல, வண்டியில

இன்னைக்கு ரோபோ. வீட்டைப் பெருக்குற ரோபோ இல்ல. மூணு மாடி உயரத்துல நின்னுக்கிட்டு, முதுகுல ராக்கெட்டைக் கட்டிப் பறக்குற ரோபோ.

கேமோட பேரு 'ஆர்மர்ட் கோர் 6: ஃபயர்ஸ் ஆஃப் ரூபிகான்'. 2023 ஆகஸ்ட்ல வந்தது. பண்ணினது ஃப்ரம்சாஃப்ட்வேர். ஆமா, 'எல்டன் ரிங்' பண்ண அதே ஜப்பான் கம்பெனிதான். ஆனா இது புது வரிசை இல்ல. முதல் 'ஆர்மர்ட் கோர்' 1997லயே பிளேஸ்டேஷன்ல வந்துடுச்சு, 'டார்க் சோல்ஸ்'ங்கிற பேரை யாருமே கேள்விப்படாத காலத்துல. 2013க்கு அப்புறம் பத்து வருஷம் சத்தமே இல்ல. பழைய ரசிகர்கள் பாவம், காத்துக்கிட்டே இருந்தாங்க.

ராட்சத ரோபோ கேம் ஏன் பிடிக்குதுன்னு யாரைக் கேட்டாலும் "பெருசா இருக்கு, வெடிக்குது, ஜாலியா இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. அதுல பாதிதான் உண்மைன்னு நான் நினைக்கிறேன். மீதிப் பாதியைச் சொல்லணும்னா என்னோட மூணு ராத்திரிக் கதையைச் சொல்லணும்.

முதல் அத்தியாயத்தோட முடிவுல பால்டியஸ்னு ஒரு பாஸ் வரும். சுத்தி ஒளிக்கவசம். முதுகுக்குப் பின்னாடி வட்டமா ஏவுகணைகள். வந்த உடனே மொத்தமா அவிழ்த்து விடும். கொஞ்சம் அடிச்சுட்டோம்னு நிம்மதியானா, நெருப்பை வாள் மாதிரி வீச ஆரம்பிக்கும். நான் முதல் ராத்திரி முழுக்கத் தோத்தேன். ரெண்டாவது ராத்திரியும் தோத்தேன். அப்போ நான் வீட்டுல இருந்தே வீடியோ எடிட்டிங் வேலை எடுத்துப் பண்ணிக்கிட்டிருந்தேன். பகல் முழுக்க ஒரு கிளையன்ட் "நீங்க ஸ்லோ"ன்னு மெசேஜ் போடுவாரு. ராத்திரி இந்தக் கேமும் அதையே சொல்ற மாதிரி இருந்தது. என் கை சரியில்ல, எனக்கு வயசாகிடுச்சு, அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டேன். வயசு இருபத்தெட்டு.

மூணாவது ராத்திரி என் ரூம்மேட் பின்னாடி வந்து நின்னான். அவன் கேம் விளையாட மாட்டான்; பைக்கைப் பிரிச்சு மாட்டுற ஆளு. ரெண்டு ரவுண்டு பார்த்துட்டுக் கேட்டான்: "டேய், இதுல வண்டியோட டீட்டெயில் எங்க இருக்கு?"

தோத்த உடனே வண்டியை மாத்திக்கிட்டு விட்ட இடத்துல இருந்தே திரும்பப் போற வசதி இதுல உண்டு. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். தலை, உடல், கை, கால், பூஸ்டர், ஜெனரேட்டர், குறி பார்க்குற கருவி. ரெண்டு கையிலயும் ரெண்டு தோள்லயும் ஆயுதம். எல்லாத்துக்கும் எடை இருக்கு. கால் எவ்வளவு தாங்கும், ஜெனரேட்டர் எவ்வளவு மின்சாரம் குடுக்கும்னு கணக்கு இருக்கு. நான் தோக்கத் தோக்க இன்னும் பெரிய துப்பாக்கியா மாட்டிக்கிட்டே போயிருந்தேன். எடை உச்சத்துல நின்னுச்சு.

அவன் பார்த்துட்டு, "பிரச்சனை உன்கிட்ட இல்ல மச்சி, வண்டியில. ஸ்கூட்டி மேல தண்ணி டேங்கரை ஏத்தி வச்சிருக்க"ன்னான்.

சத்தியமா அதுதான் விஷயம். எடை கூடினா வேகம் குறையும். போதாததுக்கு நான் மாட்டியிருந்தது பசூக்கா. ரெண்டு கால்ல நிக்கிற வண்டி பசூக்காவைச் சுடணும்னா ஒரு நொடி நின்னு காலை ஊன்றித்தான் சுடும். நெருப்பு வீசுறவன் முன்னாடி ஒரு நொடி நிக்கிறது எவ்வளவு பெரிய தப்புன்னு யோசிங்க. டாங்கி மாதிரி சக்கரக்கால் மாட்டினா ஓடிக்கிட்டே சுடலாம். நாலு கால் மாட்டினா அந்தரத்துல மிதக்கலாம். பின்பக்கமா மடங்குற கால்னா எகிறிக் குதிக்கலாம். கால் மாறினா விளையாட்டே வேற.

பசூக்காவைக் கழட்டினேன். ஒரு கையில பல்ஸ் கன். நீர்க்குமிழி மாதிரி வர்ற அந்த ஒளிக்குண்டு, கவசத்தை அரிச்சுத் தின்னுடும். அப்புறம், ஏவுகணையைப் பார்த்துப் பின்னாடி ஓடாம, நேரா அது முகத்துக்கே பாய்ஞ்சேன். ஏவுகணை எல்லாம் பக்கவாட்டுல தாண்டிப் போச்சு. கவசம் உடைஞ்சு, அதோட சமநிலை குலைஞ்சு நிக்கிற அந்தச் சில நொடிதான் நமக்கு. அப்போ விழுற அடி ஒண்ணொண்ணும் இடி. நாலாவது முயற்சியில விழுந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தினதுல கீழ்வீட்டு ஆன்ட்டி லைட் போட்டுட்டாங்க.

(அப்புறம் வந்த ஒரு அப்டேட்ல பால்டியஸைக் கொஞ்சம் சுலபமாக்கிட்டாங்க. நான் அதுக்கு முன்னாடியே முடிச்சவன். சும்மா ரெக்கார்டுக்காகச் சொல்றேன்.)

என்னைப் பொறுத்தவரை இந்த கேமோட ருசி அந்த ஷெட்லதான் இருக்கு. சண்டை நடக்குறது பெரும்பாலும் பத்து நிமிஷம். அதுக்கு முன்னாடி நாற்பது நிமிஷம் ஷெட்ல. வாங்கின பாகத்தை வாங்கின விலைக்கே திருப்பி வித்துடலாம்ங்கிறதால எதை வேணும்னாலும் மாட்டிப் பார்க்கலாம். அப்புறம் பெயின்ட், சின்னம், பேரு. சிலர் வண்டியைக் கலர் பண்றதுலயே ராத்திரியைக் கழிப்பாங்க. நானும் அந்தச் சிலர்தான்.

இன்னொரு விஷயம், பில்லு. மிஷன் முடிஞ்சதும் கூலி வரும். அதுல இருந்து சுட்ட குண்டுக்குக் காசு கழியும், அடிவாங்கின வண்டியை ரிப்பேர் பண்ணக் காசு கழியும். மீதிதான் உங்களுக்கு. முதல் தடவை அந்தத் திரையைப் பார்த்துட்டுச் சிரிச்சேன். ஏன்னா கதையில நாம ஹீரோவே இல்ல, காசுக்குச் சண்டை போடுற கூலி ஆளு. முகம் கிடையாது. 621ன்னு ஒரு நம்பர். 'ரேவன்'ங்கிற பேர்கூட, செத்துப்போன இன்னொருத்தனோட லைசென்ஸ்ல இருந்து எடுத்தது. உடம்புல ஏதோ பழைய அறுவை சிகிச்சை. சம்பாதிச்சு அந்த வாழ்க்கையைத் திரும்ப வாங்கணும். முதல் கேம் இதைவிடக் கொடூரம்: கடன் ரொம்ப ஏறிட்டா உங்க உடம்பையே பரிசோதனைக்கு எடுத்துப்பாங்க. 1997ல அதை எழுதினவங்க எந்த மூட்ல இருந்தாங்களோ!

உண்மையைச் சொன்னா, 6ல இந்தப் பில்லு உங்களைத் திவாலாக்காது. ஆனா அடுத்த நாள் காலையில நான் ஒரு பேப்பர் எடுத்து, அந்த கிளையன்ட்டுக்கு அதே மாதிரி கணக்குப் போட்டேன். கூலி இவ்வளவு. கழிவு: ஹார்ட் டிஸ்க், கரன்ட், அஞ்சு தடவை திருத்தம், ராத்திரி ரெண்டு மணி ஃபோன். கடைசியில மிஞ்சின நம்பரை இங்க சொல்ல வெட்கமா இருக்கு. அந்த மாசத்தோட அவரோட வேலையை விட்டேன். அடுத்த ரெண்டு மாசம் வாடகைக்கு ரூம்மேட்கிட்ட கடன் வாங்கினேன், அதையும் சொல்லிடணும்.

இதை முடிச்சவங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும்: இந்த கேம்ல மனுஷ முகமே வராது. எல்லாரும் குரலும் சின்னமும்தான். உங்களை வேலைக்கு அனுப்புற வால்டர், சேர்ந்து பறக்குற ரஸ்டி, யாரையும் நீங்க பார்க்கப் போறதில்ல. இருந்தும் ஒரு குரல் நின்னு போறப்போ வலிக்குது.

ஆரம்பத்துலயே ஒரு அணைக்கட்டு மிஷன் வரும். பாலம் கம்பெனியோட ரெண்டு பைலட்டுகள் கூட வருவாங்க. மூணு பேருமா சேர்ந்து ரூபிகான் விடுதலை முன்னணியோட இடத்தை உடைக்கணும். முதல் சுற்றுல நான் எதுவும் யோசிக்கல. கூலி வந்தது, பில்லு கழிஞ்சது, அடுத்த வேலை. கதையை முடிச்சுட்டு ரெண்டாவது சுற்று வந்தா, அதே அணைக்கட்டு, அதே ரெண்டு பேரு; ஆனா நடுவுல எதிரணிகிட்ட இருந்து ஒரு அழைப்பு வருது. அதிகக் காசு தர்றோம், இந்தப் பக்கம் வந்துடுன்னு.

கன்ட்ரோலரைக் கீழே வச்சுட்டேன். ரூம்மேட் பின்னாடி தோசை சாப்பிட்டுக்கிட்டிருந்தான். "என்னடா நிறுத்திட்ட?"

"பக்கம் மாறச் சொல்றாங்க."

"எவ்வளவு தர்றாங்க?"

சொன்னேன். "குண்டுக் காசு போக?"ன்னு கேட்டான்.

மாறிட்டேன். காசுக்காகவா, முதல் சுற்றுல யோசிக்காம உடைச்சதுக்காகவான்னு இன்னும் எனக்கே தெரியல. அதுவரைக்கும் கூட வந்த அந்த ரெண்டு பேரும் திட்டின திட்டு காதுலயே இருக்கு.

அந்த வண்டி இன்னும் என் ஷெட்ல நிக்குது. மஞ்சளும் கறுப்பும், ஆட்டோ மாதிரி. பேரு 'மீட்டர் போடு'. உங்க வண்டியோட பேரு என்னன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.