பரத்பூர்ப் பறவைகளும் அவற்றின் தண்ணீரும்



ஆக்ராவுக்கு மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், இராஜஸ்தானத்தின் கிழக்கு எல்லையில் பரத்பூர் என்னும் பழைய சமஸ்தானத் தலைநகர் இருக்கிறது. தாஜ்மகாலைக் கண்டுவிட்டு ஜயப்பூர் செல்வோர் பலர் அந்நகர் வழியாகவே போகின்றனர், இறங்குவோர் சிலரே. ஊரை ஒட்டியுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம். அங்குள்ள சிவன் கோயிலால் வந்த பெயர் அது. பரப்பு 29 சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் 350க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே காணப்பட்டுள்ளன.

பறவை காண்பதற்கு அங்கே இரு பருவங்கள் உண்டு. மழைக்காலத்தில் கருவேல மரங்களின் மேல் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியவை ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுகளின் இரைச்சல் வெகுதூரம் கேட்கும். குளிர்காலத்திலோ வடக்கேயிருந்து வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து நீர்ப்பரப்பை நிறைக்கின்றன. பூங்காவினுள் நடந்தோ, மிதிவண்டியிலோ, சைக்கிள் ரிக்ஷாவிலோ செல்வது வழக்கம். ரிக்ஷா ஓட்டுவோர் பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். நாம் தொலைநோக்கியைக் கண்ணில் பொருத்துவதற்குள் அவர்கள் பறவையின் பெயரைச் சொல்லிவிடுவர். விடியற்காலையில் சென்று, ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருப்பதே நல்ல முறை. பத்து இடங்களுக்கு ஓடுகின்றவன் பறவைகளின் முதுகைத்தான் காண்பான்.

இத்துணைப் பறவைகள் கூடும் இவ்விடம் இயற்கை தானே அமைத்த ஏரி அன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் என்னும் அணை கட்டப்பட்டது. பின்னர், தாழ்ந்த நிலத்தில் அணைநீரைப் பாய்ச்சி, சிறு கரைகளால் பகுத்து, மன்னர்கள் வாத்து வேட்டைக்களம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே பகலில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்தக் கணக்கைப் பெருமையுடன் கல்லில் பொறித்தும் வைத்தனர். கோயிலருகே இன்றும் அக்கல்லைப் படிக்கலாம். ஆயினும் வேட்டைக்காக அன்று தேக்கிய தண்ணீரே இன்று பறவைகளைக் காக்கிறது. 1956இல் அது பறவைச் சரணாலயமாயிற்று. 1972க்குப் பிறகே துப்பாக்கி ஓசை முற்றும் அடங்கிற்று.

மனிதன் ஆக்கிய இடத்திலிருந்து மனிதனை அகற்றினால் என்ன நேரும்? தேசியப் பூங்கா ஆனபின், 1982இல் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்து வந்த சுற்றுவட்டக் கிராமத்தார் எதிர்த்தனர். போலீசாருடன் ஏற்பட்ட மோதலில் சிலர் உயிரிழந்தனர். இத்தனைக்கும் பின் விளைந்தது என்ன? எருமைகள் மேயாத நீர்நிலைகளில் ஒருவகைப் புல் மண்டித் தண்ணீரையே மூடிற்று. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை, மீன்களும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, எருமை மேய்ந்ததே நன்று என்ற முடிவை 1991இல் வெளியிட்டனர். கிராமத்தார் முன்பே அறிந்திருந்ததைத்தான் அறிஞர்கள் பின்னர் எழுதினர். பிற்பாடு புல் அறுத்துச் செல்லக் கிராமத்தாருக்கு இடமளிக்கப்பட்டது.

பரத்பூருக்குப் பெரும்புகழ் தந்தது சைபீரியக் கொக்கு. பனிபோன்ற வெண்மை, சிவந்த முகம். மேற்குச் சைபீரியாவில் குஞ்சு பொரித்து, ஆப்கானிஸ்தான் வழியே பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஆழமில்லா நீரில் கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்னும். 1960களின் நடுவில் சுமார் 200 வந்தன. பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்து, 2002இல் கடைசி இணை காணப்பட்டது, அதன்பின் வரவில்லை. வழியில் வேட்டையாடப்பட்டது இதற்கு முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. பரத்பூர் தன் எல்லைக்குள் எவ்வளவு காத்தாலும், பறவை கடந்து வரும் நாடுகளெல்லாம் காவாவிடில் பயனில்லை.

எஞ்சியிருக்கும் பறவைகளுக்கோ தண்ணீரே கேள்வி. அஜான் அணைக்கு நீர் தந்த கம்பீர் ஆற்றின் மேற்புறத்தில், கரௌலிப் பகுதியில், பாஞ்சனா அணை எழுந்தது. மழை குறைந்த ஆண்டுகளில் அதன் நீர் தங்கள் வயலுக்கே என்று அப்பகுதி உழவர் உரிமை கோருகின்றனர். வறண்ட பயிரைப் பார்த்து நிற்பவரிடம் நாரைக்கு நீர் விடச் சொல்வது எளிதன்று. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. 2003ஆம் ஆண்டையொட்டி இவ்வழக்கு முற்றிப் பூங்கா வறண்டது. 2012இல் கோவர்த்தன் வடிகாலிலிருந்து குழாய்வழி நீர் கொணரும் திட்டம் முடிந்தது. சம்பல் ஆற்று நீரும் தரப்படுகிறது.

ஆனால் குழாய் நீரும் ஆற்று வெள்ளமும் ஒன்றல்ல. வெள்ளம் வரும்போது மீன் குஞ்சுகளும் நீர்ச்செடி விதைகளும் உடன் வருகின்றன. ஒரு மஞ்சள்மூக்கு நாரை தன் குஞ்சுகளை வளர்க்க நாள்தோறும் மீன் வேண்டும். ஆகவே ஆவணி பிறந்தும் நீர் ஏறாத ஆண்டில் அந்நாரைகள் கருவேல மரங்களைச் சுற்றிப் பறந்து பார்த்துவிட்டுக் கூடு கட்டாமலே போய்விடுகின்றன.