வாத்துன்னா மடையனா?



பறவைகளைக் காப்பாத்துறது சட்டமா, மக்கள் மனசான்னு தலைப்பு. நான் மக்கள் மனசுன்னு பேச வந்திருக்கேன். மனுஷங்களுக்கே வழியில்லாதபோது வாத்துக்கு எதுக்கு வக்காலத்துன்னு எதிரணிச் சகோதரர் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாமளும் பிள்ளையைத் திட்டினா, 'வாத்து மடையா'ன்னுதானே திட்டுறோம்! (சிரிப்பு)

ஐயா, அந்த மடையன் என்ன செய்றான் தெரியுமா? வரித்தலை வாத்துன்னு ஒரு பறவை. வெள்ளைத் தலையில் பின்பக்கம் ரெண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா ஏரிகளில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலம் வந்தா இமயமலையைத் தாண்டி, நம்ம திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரைக்கும் வருது. 7,000 மீட்டருக்கு மேலேயும் அது பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் பிராணவாயு இங்கே இருப்பதில் பாதிகூடக் கிடையாது. நமக்கு மூணு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது.

புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னத்தைத் தூது விடுகிறார். குமரித் துறையில் இரை தின்றுவிட்டு வடக்கே மலைக்குப் போகிற அன்னமே, வழியில் உறையூரில் என் சோழனைப் பார்னு சொல்றார். குமரிக்கும் இமயத்துக்கும் போக்குவரத்து நடத்துற பறவை எதுங்க? பாலையும் தண்ணியையும் பிரிக்கிற கதைப் பறவை இல்லை. இந்த வரித்தலை வாத்தாகத்தான் இருக்கணும்னு எனக்குப் படுது.

கூந்தன்குளத்துக்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. (கைதட்டல்) வெடியில்லாத தீபாவளிக்குப் பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்கிறது லேசா? அது சரணாலயம் ஆனது 1994-ல். வேடந்தாங்கல் ஜனங்களோ, எங்க பறவையை யாரும் சுடக்கூடாதுன்னு 1798-லேயே வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட எழுதி வாங்கினவங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சுயநலம்தான், இருக்கட்டுமே!

எதிரணிக்கு ஒண்ணை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். வெடியை ஊர் நிறுத்திடும். தண்ணிக்கு ஊர் எங்கே போகும்? மணிமுத்தாறு அணைத் தண்ணி வந்து குளம் நிறைஞ்சாத்தான் பறவைக்கு அங்கே இடம். வறண்ட வருஷத்தில் அது வேற குளம் தேடிப் போகுது. அந்த வேற குளத்தையும் நாம பிளாட் போட்டுட்டா எங்கே இறங்கும்? எந்தக் குளத்துக்கு எப்போ தண்ணின்னு கணக்குப் போடுற அதிகாரிங்க, வாத்துக்கும் ஒரு பங்கு எழுதி மடையைத் திறக்கட்டும். மடை திறக்கிறவனுக்குத்தானே ஐயா மடையன்னு பேரு! (சிரிப்பு, கைதட்டல்)